கடவுள் மறுப்பும் இயக்கி வழிபாடும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கடவுள் இல்லை என்று ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். உலகைப் படைத்துக் காத்து அழிக்கும் ஒருவன் உண்டென்பதை அவர் ஏற்பதில்லை. வேதமும் ஆகமமும் அவருக்குச் சான்றல்ல. ஆயினும் மனிதரினும் மேம்பட்ட ஓர் இருப்பு உண்டென்கிறார். அது ஊரெல்லையில் நிற்கும் இசக்கியாக இருக்கலாம். ஊருக்காக மாண்ட வீரனின் ஆவியாக இருக்கலாம். வேறொரு கோளில் வாழும் பேரறிவுடைய உயிராக இருக்கலாம். பெயரிட்டுச் சொல்ல இயலாத 'ஏதோ ஒரு சக்தி'யாகவும் இருக்கலாம். இவரை நாத்திகர் என்பதா, ஆத்திகர் என்பதா?

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பொருநைக் கரையில் கவிதை எழுதுவோர்க்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் வினா. பகுத்தறிவாளர் எனத் தம்மை அறிவித்துக்கொண்ட கவிஞர் ஒருவர் சுடலைமாடனை விளித்துப் பாடினால், 'இது முரண்பாடு' என்று ஒரு சாரார் கூறுவர். 'சுடலைமாடன் கடவுள் அல்லன். எளிய மக்களின் காவலன். அவனைப் பாடுவதால் நாத்திகம் கெடாது' என்று மறு சாரார் கூறுவர். இரு கூற்றுகளையும் சீர்தூக்கிப் பார்க்கவேண்டுமாயின், முதலில் 'நாத்திகம்' என்னும் சொல்லின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

இச்சொல் எல்லாக் காலத்தும் ஒரே பொருளைத் தந்ததன்று. பாணினியின் இலக்கணத்துக்கு உரை கண்டவர்கள், மறுமை உண்டென்பவனை ஆத்திகன் என்றும் இல்லையென்பவனை நாத்திகன் என்றும் கொண்டனர். மனுதரும நூலோ வேதத்தை இகழ்பவனை நாத்திகன் என்றது. இவ்விரு விளக்கங்களிலும் கடவுள் இடம்பெறவில்லை என்பது நோக்கத்தக்கது. வேதத்தை முழுமையாக ஏற்ற மீமாஞ்சகர் உலகைப் படைத்தவன் ஒருவன் வேண்டா என்று வாதிட்டனர். எனினும் அவர்கள் ஆத்திகர் வரிசையிலேயே வைத்து எண்ணப்பட்டனர். சமணர் மறுமையையும் வினைப்பயனையும் வேறெவரினும் அழுத்தமாக நம்பினர். எனினும் வேதத்தை ஏற்காமையால் நாத்திகர் எனப்பட்டனர். நாத்திகம் என்றால் கடவுள் மறுப்பு என்னும் பொருளே மக்கள் வழக்கில் முதன்மை பெற்றிருப்பதற்கு, 1925இல் 'குடி அரசு' இதழைத் தொடங்கிய பெரியாரின் இயக்கம் தமிழகத்தில் பெருங்காரணமாயிற்று. ஆகவே 'இவர் நாத்திகரா?' என்று வினவுவோர், 'எதை மறுத்தால் ஒருவர் நாத்திகர்?' என்பதை முன்னதாகவே முடிவு செய்தாக வேண்டும்.

இதற்குத் தக்கதொரு சான்று நெல்லைச் சீமையிலேயே உள்ளது. பொருநைக்கு வடக்கே, இற்றைத் தூத்துக்குடி மாவட்டத்தில், கழுகுமலைப் பாறைகளில் பாண்டியர் காலச் சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பர். அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அத்திருமேனிகளைச் செய்வித்தோரின் பெயர்களைத் தருகின்றன. அவர்களுள் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உளர். கடவுள் உலகைப் படைக்கவில்லை, உலகம் தொடக்கமற்றது என்று கற்பித்த சமயத்தில், பெண்கள் ஆசிரியப் பொறுப்பில் இருந்தமைக்கு அக்கற்களே சான்று.

சமணத்தின் தீர்த்தங்கரர் வரம் தருபவர் அல்லர். அவர் தம் முயற்சியால் வினையறுத்து உயர்ந்த மனிதர். வணங்குவோர்க்கு அவர் எதனையும் செய்வதில்லை, செய்யவும் இயலாது. ஆனால் அதே பாறையில் அம்பிகை, பத்மாவதி ஆகிய இயக்கியரும் இடம்பெற்றுள்ளனர். இவர்கள் மனிதரினும் ஆற்றல் மிக்கவர். எனினும் படைத்தவர் அல்லர். வினைக்கும் பிறப்பிறப்புக்கும் உட்பட்டவர். கொள்கையளவில் இதில் முரண் ஏதுமில்லை. மனிதரினும் மேம்பட்ட உயிர்கள் உண்டென்று ஏற்றுக்கொண்டே படைப்புக்கடவுளை மறுக்கலாம் என்பதற்குக் கழுகுமலை கல்லில் வடித்த சான்றாகும்.

சமணர் தம்மை உலோகாயதரோடு சேர்த்து எண்ணியதில்லை. பழையனூர் நீலி என்னும் பேய்ப்பெண் சமண முனிவரால் மனம் மாறிப் பிற சமயத்தாரை வாதில் வெல்வதாக அமைந்த நீலகேசி, வேதவாதியை மறுப்பதுபோலவே பூதவாதியையும் மறுக்கிறது. படைப்புக்கடவுளை ஏற்காத நூலே, உடலுக்கு அப்பால் உயிரில்லை என்பாரையும் எதிர்க்கிறது. பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையிலும் இந்நிலையைக் காணலாம். அதில் மணிமேகலா தெய்வம் உண்டு, தீவதிலகை உண்டு, சம்பாபதி உண்டு. உலகைப் படைத்த இறைவன்தான் இல்லை. அக்காப்பியத்தில் வரும் பூதவாதி, முற்பிறப்பை அறிந்ததாகக் கூறும் மணிமேகலையை நோக்கி, அது தெய்வ மயக்காலோ கனவாலோ நேர்ந்திருக்கும் என்கிறான். எல்லாவற்றையும் பூதங்களின் கூட்டம் என்பவன் வாயிலும் 'தெய்வம்' என்னும் சொல் வந்துவிடுகிறது. மொழியில் வேரோடிய சொல்லைக் கொள்கை எளிதில் களைந்துவிட இயலாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி, கழுகுமலை இயக்கிக்கு நேர்ந்ததைக் காண்போம். சிலப்பதிகாரத்திலேயே இயக்கி வழிபாடு குறிக்கப்படுகிறது. மதுரைப் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் இடைக்குல மூதாட்டி மாதரியிடமே, சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். படைப்புக்கடவுளை ஏற்காத துறவியும் இயக்கிக்குப் பால் படைத்த மூதாட்டியும் ஒருவரையொருவர் ஐயுறவில்லை. பின்னாளில் நெல்லை, குமரிப் பகுதிகளில் சமணம் மறைந்தது, இயக்கி மறையவில்லை. இயக்கி என்னும் சொல்லே இசக்கி என மருவிற்று என்பது அறிஞர் பலரும் உடன்படும் கருத்து. குழந்தையைக் கையிலேந்திய இசக்கியின் சுடுமண் உருவில், பிள்ளைகளோடு நிற்கும் அம்பிகையின் சாயலை இன்றும் காணலாம். நீலியின் கதையும் அவளோடு இணைந்துகொண்டது.

கொள்கை அழிந்தது, உருவம் நின்றது. ஏன்? பிள்ளையில்லாத பெண் தீர்த்தங்கரரிடம் பிள்ளை வரம் கேட்க இயலாது. அவர் தரமாட்டார் என்பதே கொள்கை. இயக்கியிடம் கேட்கலாம். கேட்கக் கேட்க, வினைக்குட்பட்ட ஓர் உயிராக இருந்தவள் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கும் அம்மன் ஆனாள். ஓர் இருப்பைத் தெய்வமாக்குவது அது உண்டென்னும் நம்பிக்கை மட்டுமன்று. அதனிடம் வைக்கும் வேண்டுதலே என்பது இதனால் தெளிவாகிறது. 'உண்டு' என்பது அறிவைப் பற்றிய கூற்று. 'தா' என்பது உறவைப் பற்றிய கூற்று. நாத்திகத்தின் எல்லை இவ்விரண்டுக்கும் இடையில் செல்கிறது.

இவ்வேறுபாட்டை மேலைநாட்டு வரலாறும் வலியுறுத்துகிறது. கி.மு. 399இல் ஏதென்சு நகரில் சாக்ரட்டீசு மீது சாட்டப்பட்ட குற்றங்களுள், நகரத்தார் வணங்கும் தெய்வங்களை ஏற்கவில்லை என்பதும் புதிய தெய்வ ஆற்றல்களைப் புகுத்தினார் என்பதும் அடங்கும். மரபல்லாத தெய்வத்தை நம்புவோரும் நாத்திகரே என்பது வழக்குத் தொடுத்தோரின் கருத்து. தெய்வ ஆற்றல்களை நம்புகிறவன் தெய்வமே இல்லையென்று சொல்பவனாக எவ்வாறு இருத்தல் கூடும் என்பது அவர் தந்த மறுமொழி. பிற்காலத்தில் உரோமப் பேரரசின் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்த தொடக்கக்காலக் கிறித்தவர்களும் நாத்திகர் என்றே பழிக்கப்பட்டனர். எபிக்கூரசின் நிலை வேறு. தேவர்கள் உண்டு, ஆயின் அவர்கள் மனிதரைப் பொருட்படுத்துவதில்லை. ஆதலால் அவர்களுக்கு அஞ்சவும் வேண்டா, அவர்களிடம் இரக்கவும் வேண்டா என்றார் அவர். அவரையும் நாத்திகர் என்றே பலர் தூற்றினர். சாக்ரட்டீசையும் கிறித்தவரையும் அப்பெயரால் அழைத்தது பகைமை. எபிக்கூரசை அவ்வாறு அழைத்ததில் மட்டும் ஓருண்மை இருந்தது: தேவர் உண்டென்று சொல்லிக்கொண்டே அவர் வேண்டுதலின் வேரை அறுத்துவிட்டார்.

பிறர் தெய்வத்தைத் தெய்வமென ஏற்க மறுக்கும் போக்கு நெல்லை மண்ணிலும் நிகழ்ந்தது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1849இல் வெளியிட்ட நூலில், இவ்வட்டார எளிய மக்களின் வழிபாட்டைப் 'பேய் வழிபாடு' என்றே வகைப்படுத்தினார். அம்மக்கள் தந்த காணிக்கையும் அஞ்சிய அச்சமும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. அந்த உறவின் உள்ளீடு தெரியவில்லை. அவரே ஒரு வியப்பான செய்தியையும் பதிந்துள்ளார். 1809இல் திருவிதாங்கூர் எல்லை அரணைப் பிடித்த போரில் காயமுற்று மாண்ட ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் கல்லறையில் மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வணங்கினர் என்பதே அச்செய்தி. எந்தப் புராணத்திலும் இடம்பெறாத ஒரு வெள்ளையர் தெய்வமாகிவிட்டார். மரபு, மரபல்லாதது என்னும் பாகுபாடு வேண்டுவோர்க்கு ஒரு பொருட்டே அன்று என்பதை இது காட்டுகிறது. எனவே 'நான் வழிபடுவது மரபான கடவுள் அன்று. ஆதலால் நான் நாத்திகன்' என்னும் வாதம் நிற்காது.

இதற்கு மறுதலையாக, வணக்கம் அனைத்தும் ஆத்திகமே என்னும் வாதமும் நிற்காது. இறந்தோரைப் போற்றும் வழக்கம் பொருநைக் கரையில் மிகத் தொன்மையானது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் இறந்தோரோடு இரும்புக் கருவிகளும் மட்கலங்களும் வைத்துப் புதைக்கப்பட்டுள்ளன. தொல்காப்பியம் நடுகல் அமைக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் எனத் தொடங்கி வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளாகக் கூறுகிறது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல்லெடுத்ததும் இம்முறையை ஒட்டியே அமைந்தது. புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடிய பாட்டொன்று, பகைவர் முன்நின்று போரிட்டு வீழ்ந்தவனின் கல்லைத் தவிர, நெல்தூவி வழிபடுதற்குரிய கடவுள் வேறு இல்லை என்னும் கருத்தைச் சொல்கிறது. தன் ஊரைக் காத்து மாண்ட மனிதன் ஒருவனைத் தவிர வேறு கடவுள் இல்லை என்பதை ஆத்திகம் என்பதா, நாத்திகம் என்பதா? அது நன்றி. நன்றி செலுத்துவோன் எதனையும் கேட்பதில்லை, பெற்றுக்கொண்டதை நினைக்கிறான். பெரியாரின் சிலைக்கு மாலையிடுவோரை நோக்கி 'இதுவும் வழிபாடுதானே' என்று எள்ளுவோர்க்கும் இதுவே விடை. அச்சிலையிடம் மழை வேண்டுவார் யாருமில்லை.

ஆனால் நன்றியாகத் தொடங்கியது வேண்டுதலாக மாறும்போது என்ன இழக்கப்படுகிறது என்பதே இவ்வுரையின் உயிர்நிலை. பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றின் பக்கம், காட்டினுள் அமைந்த சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் சந்நிதி உண்டு. ஆடி அமாவாசையில் பெருங்கூட்டம் கூடுகிறது. காலணியைக் கோயிலுக்கு வெளியே விட்டுச் செல்வதே எங்கும் வழக்கம்; இங்கோ தோற்செருப்பே காணிக்கை. பட்டவராயன் அச்செருப்பை அணிந்து காட்டில் நடப்பதாகவும் அதனால் அது தேய்வதாகவும் மக்கள் நம்புகின்றனர்.

யார் இந்தப் பட்டவராயன்? நாட்டார் வழக்காற்று ஆய்வில் முன்னோடியாகவும் மார்க்சிய அறிஞராகவும் விளங்கிய பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) பதிப்பித்த முத்துப்பட்டன் கதைப்பாடல் இதற்கு விடை தருகிறது. அந்தணர் குலத்து முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் உடன்பிறந்தார் இருவரை மணக்க விரும்பினான். அவர்களின் தந்தை வாலப்பகடை விதித்தவாறு குடுமியையும் பூணூலையும் களைந்தான். செருப்புத் தைக்கக் கற்றான். மாமனாரின் மாடுகளைக் கவர்ந்தோரோடு போரிட்டு மாண்டான், மனைவியர் தீப்பாய்ந்தனர். கதையின் ஒரு வடிவமோ, அவ்விரு பெண்களும் பிறப்பால் அந்தணர், காட்டில் விடப்பட்டுப் பகடையால் வளர்க்கப்பட்டவர் என்கிறது. மூலக்கதையின் கலப்புமணத்தைப் பொறாத மனம் பின்னாளில் செய்த திருத்தம் இது என்பதை நா. வா. எடுத்துக்காட்டினார்.

இங்கே இரு செயல்கள் அடுத்தடுத்து நிகழ்ந்துள்ளன. சாதியை மீறிய மனிதனைத் தெய்வமாக்கினர். தெய்வமானபின் அவன் மீறலை அழிக்க முயன்றனர். உயிரோடு இருந்த முத்துப்பட்டன் ஊரை நோக்கி ஒரு கேள்வி கேட்டான். பட்டவராயனை நோக்கி ஊர் வரம் கேட்கிறது. கேட்பவர் இடம் மாறிவிட்டனர். நெல்லை வில்லுப்பாட்டில் கயிலையில் பிறந்து மண்ணுக்கு இறங்கிய தெய்வங்களின் கதைகளும் உண்டு. மண்ணில் பிறந்து கொலையுண்டு தெய்வமானோரின் கதைகளும் உண்டு. இரண்டாம் வகைக் கதைகளுள் பலவற்றில், கொன்றவரின் வழியினரே அஞ்சிக் கோயில் எடுத்தனர் எனப் பாடப்படுகிறது. குற்றத்துக்குப் படையல் ஈடாகிறது. வழக்குத் தீர்ந்ததாக ஊர் கருதிக்கொள்கிறது.

எனவே மரபல்லாத தெய்வங்களைப் பற்றி நாத்திகர் எழுப்பவேண்டிய முதன்மையான வினா, 'அது உண்டா, இல்லையா?' என்பதன்று. 'அதனிடம் ஒப்படைத்துவிட்ட பொறுப்பு யாருடையது?' என்பதே. இவ்வினாவைக் கொண்டு தொடக்கத்தில் சொன்னவற்றை அளக்கலாம். வேறொரு கோளில் மனிதரினும் அறிவுமிக்க உயிர்கள் இருக்கலாம் என்பவர், சான்று கிடைக்கும்வரை அதனைக் கருதுகோளாக வைத்திருப்பாராயின் நாத்திகரே. அவ்வுயிர்கள் வந்து மனிதரைக் கடைத்தேற்றும் என்று காத்திருப்பாராயின், தெய்வத்துக்கு வேறு பெயர் இட்டவர் ஆவார். 'கடவுள் இல்லை, ஆனால் ஒரு சக்தி உண்டு' என்னும் படித்தவர், மகனின் தேர்வுக்கும் மகளின் மணத்துக்கும் அச்சக்தியை நம்பி வேண்டுவாராயின் அவர் ஆத்திகரே. பெயரில்லாத ஒன்றிடம் வேண்டுவது நாகரிகம் என்றும், இசக்கியிடம் வேண்டுவது மூடநம்பிக்கை என்றும் பிரித்துக் கூறுவதற்கு நியாயம் ஏதுமில்லை. இசக்கியின் முன் நிற்கும் ஏழைப்பெண் தான் கேட்பது இன்னதென மறைக்காமல் கேட்கிறாள். அவளுக்கு மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்த காலத்தில் இசக்கி பக்கத்தில் இருந்தாள் என்பதையும் மறத்தலாகாது.

இந்நுட்பத்தை நெல்லை எழுத்தாளர் ஒருவர் முன்பே கண்டுகொண்டார். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், மேலகரத்துக் கந்தசாமிப் பிள்ளையின் எதிரில் கடவுள் சென்னைத் தெருவிலேயே வந்து நிற்கிறார். பிள்ளை அவரை இல்லையென்று மறுக்கவில்லை. காப்பி குடிக்க அழைத்துச் செல்கிறார். தம் பத்திரிகைக்குச் சந்தாவும் வாங்கிவிடுகிறார். ஆனால் வரம் தரும் பேச்சுக்கு மட்டும் இடம் கொடுப்பதில்லை. வரம் வாங்கித் தலைக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ள அவர் ஆயத்தமாக இல்லை. கண்முன் நிற்கும் கடவுளிடமும் வரம் வேண்டாத அந்த மேலகரத்துக்காரரின் நிலை, கடவுளைக் காணாமலேயே மறுப்போரின் நிலையினும் உறுதி வாய்ந்தது எனலாம்.

பாளையங்கோட்டையைச் சேர்ந்த பேராசிரியர் தொ. பரமசிவன் (1950–2020) பெரியாரியச் சிந்தனையாளராக அறியப்பட்டவர். அவரே நாட்டார் தெய்வங்களைப் பற்றிப் பெரும் ஈடுபாட்டோடு எழுதியவரும் ஆவார். இதனை முரண் என்போர் உளர். அவர் அத்தெய்வங்களிடம் வரம் கேட்கச் செல்லவில்லை. அவற்றை நம்பிய மக்களின் வரலாற்றைக் கேட்கச் சென்றார். ஆதலால் அங்கு முரணில்லை.

கவிஞர் பெருமக்களுக்கு இவ்வுரை வைக்கும் விண்ணப்பமும் இதுவே. நாத்திகக் கவிஞர் சுடலையையும் இசக்கியையும் பட்டவராயனையும் தாராளமாகப் பாடலாம், அவர்களை விளிக்கலாம், அவர்களோடு வழக்காடலாம். ஆனால் அவர்களிடம் நீதியை வேண்டிப் பாடிவிட்டு அமைதியடைதல் கூடாது. ஊரார் தர மறுத்த நீதியை உருவேற்றிய கல்லிடம் கேட்பது, தராதவர்களை விடுவிப்பதாக முடியும். பட்டவராயனைப் பாடும் கவிதையில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடையின் பெண்களாகவே நிற்கட்டும். முத்துப்பட்டன் கேட்ட கேள்விக்கு விடைசொல்ல வேண்டியவர் அவன் காலடியில் செருப்பை வைத்துத் திரும்பும் மனிதரே.